நத்தை எஜமான்

எனக்கு வயது பதினேழு. பதினான்கு வருஷமாகப் பதினேழுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜரம்மா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள்: பெயர் கொஹாகு, வயது பதினேழு, பிறந்த ஊர் மேகத்துக்கு மேலே, பிடித்த பண்டம் பஞ்சுமிட்டாய். பஞ்சுமிட்டாய் வாயில் பட்டால் எனக்குப் பல் கூசும். இடது முழங்காலில் வலி வேறு. வேலை முடிந்து வெள்ளை ஏப்ரனையும் பூனைக்காதையும் லாக்கரில் வைத்துப் பூட்டிய பிறகுதான் முப்பத்தொரு வயது சிஸுருவாக ரயிலேறுவேன்.

அகிஹபாராவின் பெரிய தெருவிலிருந்து ஒரு சந்து தள்ளி எங்கள் காபிக்கடை. கீழே பழைய ரேடியோ சாமான் கடை, அதற்கு மேலே இரண்டு மாடி முழுக்கப் பொம்மைக் கடை, நாலாவது தளத்தில் நாங்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் மணியை ஆட்டி, "வாங்க எஜமான், வீட்டுக்கு வந்துட்டீங்களா!" என்று பணிப்பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்த வேண்டும். போகும்போது, "போயிட்டு வாங்க எஜமான்!" நன்றி, மீண்டும் வருக எல்லாம் எங்களிடம் கிடையாது. சொந்த வீட்டுக்கு வந்துபோகிறவருக்கு யாராவது நன்றி சொல்வார்களா? இது முதல் விதி.

இரண்டாவது விதி, யார் வந்தார் யார் போனார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. மனைவி வந்து கேட்டாலும், அம்மா வந்து அழுதாலும், "அப்படி ஒருத்தரை எங்களுக்குத் தெரியாதுங்களே" என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். வருகிறவர்களின் நிஜப் பெயரையும் நாங்கள் கேட்பதில்லை. ஆளுக்கொரு கடைப்பெயர் உண்டு. கரடி எஜமான், சோடா எஜமான், மூக்குக்கண்ணாடி எஜமான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அம்மாள் வந்து, "என் பிள்ளையைக் கெடுத்தவ நீதானேடி" என்று குளிர்ந்த தண்ணீர் டம்ளரை என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். நான் சிரித்த முகமாகவே நின்றேன். அன்றிலிருந்து பெற்றவர்கள் என்று யாராவது லிஃப்டில் ஏறி வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நத்தை எஜமானுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஒரு தட்டு ஆம்லெட் சோற்றை ஒரு மணி பத்து நிமிஷம் சாப்பிடுகிற மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது? நாற்பதை ஒட்டிய வயது. சாம்பல் நிற ஜாக்கெட், மூக்குவரை முகமூடி. ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி, ஜன்னலோர மேசை. சோற்றிலிருக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவார். சோற்றை மூடியிருக்கும் ஆம்லெட்டின் மேல் சாஸால் படம் வரைந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அவருக்கு மட்டும் நான் நத்தை வரைவேன். ஒருநாள் அதன் பின்னால் குட்டியாக இன்னொரு நத்தை வரைந்துவிட்டேன்.

"பின்னாடி வர்றது யாரு?" என்று கேட்டார்.

"உங்களைவிட மெதுவா சாப்பிடுற ஆளு. இன்னும் கடைக்கே வந்து சேரலை."

சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். காதல் கீதல் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. என் முழங்கால் வலியைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர். "கொஹாகு, அந்தத் தூண்ல சாய்ஞ்சு நில்லுங்க, மேனேஜரம்மா உள்ள போயிட்டாங்க" என்பார். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் எனக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சாய்ந்து நிற்கச் சொன்னவர் அவர்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், பட்டாணியெல்லாம் அடுக்கி முடித்த பிறகு, முகமூடியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு உதவி கொஹாகு. எப்பவாவது என் வீட்டுலேருந்து யாராவது வந்து கேட்டா, என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"அது எங்க விதியே. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வோம்."

"விதிக்காக இல்லை. எனக்காகச் சொல்லணும்."

ஏன் என்று கேட்டேன். சொன்னார். பிறகு சுண்டுவிரலை நீட்டினார். நானும் என் சுண்டுவிரலைக் கோத்து, குழந்தைகள் மாதிரி ஆட்டி, சத்தியம் செய்து கொடுத்தேன்.

இந்த வருஷம் ஏப்ரலோடு அவர் வருவது நின்றுபோயிற்று. முதல் வியாழன் ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் வராதபோது கோபம் வந்தது. உடன் வேலை செய்கிற ரிங்கோ சும்மா இருப்பாளா? "அக்கா, உங்க நத்தை வேற கடைச் சுவர்ல ஏறிடுச்சு போல" என்றாள். "ஏறட்டும்டி, வழுக்கி விழட்டும்" என்று நானும் சொன்னேன். என் வாய்க்கொழுப்புக்கு அளவே இல்லை. இதை இப்போது நினைத்தாலும் கூசிப்போகிறேன்.

ஜூன் மாதம், விடாத மழை. வியாழக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு லிஃப்ட் மணி அடித்தது. பாழாய்ப்போன ஆசையோடு நான் திரும்பினேன். நின்றது ஒரு கிழவர். கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை இல்லை, ஒரு கையில் சொட்டுகிற குடை, மார்பில் ஒரு முதுகுப்பையைக் குழந்தையைப்போல முன்பக்கமாக மாட்டியிருந்தார்.

"வாங்க எஜமான், வீட்டுக்கு வந்துட்டீங்களா!" என்று கத்தினோம்.

அவர் பதறி இரண்டு அடி பின்னால் போனார். "இல்லம்மா, இல்லம்மா. என் வீடு ரொம்ப தூரத்துல, ஸகாட்டாவுல இருக்கு."

ரிங்கோ வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நான் அவரை அழைத்துப் போனேன். எந்த மேசை என்று கேட்பதற்கு முன்பே அவர் ஜன்னலோரத்தைக் காட்டி, "அங்க உக்காரலாமா? வெளிச்சமா இருக்கு" என்றார். பையை வைக்க நாற்காலிக்கு அடியில் கூடையை இழுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்து, பையை எதிர் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார். விழாமலிருக்க மேசையை அதன் பக்கம் சற்று நகர்த்தினார்.

"இங்க கொஹாகுன்னு ஒருத்தங்க..."

"நான்தான் எஜமான்!"

அவர் எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். எனக்கு உள்ளே பகீர் என்றது. கோட்டுப் பையிலிருந்து எங்கள் கடையின் வருகை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முயல் முத்திரை, முயல் முத்திரை, எல்லாம் வியாழக்கிழமைத் தேதிகள். அடியில் என் கையெழுத்து, ஓரத்தில் நான் வரைந்த நத்தை. பிறகு ஒரு புகைப்படம். பட்டமளிப்பு உடையில் ஒரு இளைஞன். இருபது வயது குறைந்திருந்தாலும் அந்தக் கண்கள் எனக்குத் தெரியாதா?

"என் பையன். அஸனுமா குனிஹிரோ. இந்த அட்டை அவன் ரூம்ல கிடைச்சுது. இவனை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

நிஜப் பெயரை அன்றுதான் கேட்டேன். குனிஹிரோ. என் மூளை எங்கே போயிற்று பாருங்கள். மகன் வேலைக்குப் போன நேரம் பார்த்து இந்தக் கிழவர் அவர் அறையைக் குடைந்திருக்கிறார், அட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டு இங்கே சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. சுண்டுவிரலும் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியாதுங்களே எஜமான்," என்றேன், சிரித்த முகமாக.

"நல்லாப் பாருங்கம்மா. இது பழைய படம். இப்ப கொஞ்சம் முடி கொட்டியிருக்கும். மெதுவாப் பேசுவான்."

"நிறையப் பேர் வர்றாங்க எஜமான். எங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கறதில்லை."

"சாப்பிட ரொம்ப நேரமாகும் அவனுக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படி. பட்டாணி இருந்தா ஒதுக்கி வெச்சிடுவான். இருமல் உண்டு."

"அப்படியா?" என்றேன்.

அந்த "அப்படியா"வை நான் எவ்வளவு அழகாகச் சொன்னேன் தெரியுமா? தலையைச் சாய்த்து, கன்னத்தில் விரல் வைத்து, பதினேழு வயதுப் பிள்ளை மாதிரி. அவர் முகம் மெல்ல இறங்கியது. புகைப்படத்தைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார். "பரவாயில்லைம்மா. வந்ததுக்குச் சாப்பிட்டுப் போறேன். ஆம்லெட் சோறு ரெண்டு குடுங்க."

"இன்னொருத்தர் வராங்களா?"

அவர் எதிர் நாற்காலியைப் பார்த்தார். "வராங்கன்னு வெச்சுக்கோங்களேன்."

மகனை இங்கே வரவழைத்து வைத்துப் பிடிக்கத் திட்டம் போட்டிருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். ஒவ்வொரு முறை லிஃப்ட் மணி அடித்தபோதும் என் உயிர் போய் வந்தது. வந்துவிடாதே நத்தை, இன்றைக்கு மட்டும் வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே இரண்டு தட்டையும் தூக்கி வந்தேன். இரண்டு மாதமாகக் காணோமே, எங்கே போனீர்கள் என்று அந்த மனிதரைப் பற்றி இவரிடமே கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்லிவிட்டவள் எப்படிக் கேட்பாள்?

முதல் தட்டில் பூ வரைந்தேன். இரண்டாவதை எதிர்ப்பக்கம், பையின் முன்னால் வைத்தேன்.

"இதுல என்னம்மா வரைவீங்க?"

சாஸ் பாட்டிலை எடுத்ததும் என் கை தானாக ஒரு சுழியைப் போடப் போனது. அந்த மேசை, அந்த நேரம், கைக்கு வேறென்ன தெரியும்? அட்டையில் நத்தை இருக்கிறது, வரைந்தால் மாட்டிக்கொள்வேன் என்று உறைத்து, சட்டென்று இரண்டு காதும் மீசையும் போட்டுப் பூனையாக்கினேன். எல்லோருக்கும் வரைகிற பூனை.

"பூனை," என்றார் அவர். "நல்லா இருக்கு."

கரண்டியோடு சாப்பாட்டுக் குச்சியும் ஒரு ஜோடி கேட்டார். எங்கள் கடையில் ஆம்லெட் சோற்றுக்கு யாரும் குச்சி கேட்டதில்லை. "தாத்தா குச்சியாலயே சோடாவும் குடிப்பார் போல அக்கா," என்று ரிங்கோ காதைக் கடித்தாள். எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்து மேசையில் ஒரு கல்லூரி மாணவனுக்குப் பிறந்தநாள். மத்தாப்பு செருகிய கேக்கைக் கொண்டுவந்து நாங்கள் ஆடிப்பாடினோம். எல்லா எஜமான்களும் கை தட்ட வேண்டும் என்று மைக்கில் சொன்னது நான்தான். கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பாட்டு முடிந்து மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார்.

முக்கால் மணி நேரத்தில் அவர் எழுந்தார். பையை மறுபடியும் மார்பில் மாட்டிக்கொண்டார். மகன் வரவில்லை. தப்பித்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

லிஃப்ட் வரக் காத்திருந்தபோது அவர் சொன்னார். "தொந்தரவு குடுத்துட்டேன். இங்க தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருந்தாங்களான்னு பார்க்க வந்தேன். அவ்வளவுதான். இந்த அட்டையில மட்டும்தான் ஒரு பேர் இருந்துச்சு."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மணியை ஆட்டினேன். "போயிட்டு வாங்க எஜமான்!"

கதவு மூடியது. மேசையைத் துடைக்கப் போன ரிங்கோ, "அக்கா," என்றாள். பிறகு, "அக்கா, இங்க வாங்களேன்," என்றாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை.

அவருடைய தட்டு வழித்துச் சாப்பிட்டுக் காலியாக இருந்தது. எதிர்த்தட்டில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. அதிலிருந்த பட்டாணி மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு, விளிம்பில் வரிசையாக இருந்தது. பூனை முகத்தின் நடுவில், ஆம்லெட்டைத் துளைத்துக்கொண்டு, இரண்டு குச்சிகளும் நேராக நின்றன.

சோற்றில் குச்சியை நட்டு வைப்பது எங்களில் செத்தவருக்கு மட்டும்தான். பிணத்தின் தலைமாட்டில் வைக்கிற சோற்றில்தான் அப்படி நிற்கும். தெரியாத குழந்தை விளையாட்டாகச் செய்தால்கூடக் கையில் சுள்ளென்று ஒன்று விழும். அறுபது எழுபது வருஷம் வாழ்ந்த மனிதர் அதை மறந்து செய்ய மாட்டார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பை என் கண் முன்னால் வந்து நின்றது. கிழவர் அதைக் கூடையில் வைக்க மாட்டேன் என்றது, விழாமல் மேசையை நகர்த்தியது, எல்லாம் வந்து நின்றது. அன்று வியாழன் இரண்டு மணிக்கு நத்தை வந்திருந்தார். வந்து தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேராக அவரைத் தெரியாது என்று சொல்லி, நான் பூனை வரைந்து வைத்திருக்கிறேன்.

"கொஹாகு! ஏப்ரனோட எங்க போறே!" என்று மேனேஜரம்மா கத்துவது கேட்டது. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன். எங்கள் உடுப்போடு சந்து முனை தாண்டக் கூடாது என்பது இன்னொரு விதி. நாசமாய்ப் போகட்டும். பெரிய தெருவில் மழையோடு மழையாக ஓடினேன். முழங்கால் உயிரை எடுத்தது. பூனைக்காதோடு ஒருத்தி அழுதுகொண்டு ஓடுவதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் விளம்பரம் என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். ஒருவன் எனக்குக் கையசைத்தான்.

ஸ்டேஷன் வாசலில் அவர் இருந்தார். நனைந்த குடையைத் துடைத்து, மடிப்பு மடிப்பாகச் சுருட்டி, வார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் பக்கத்தில் நிற்பவர் மேல் ஈரம் படக் கூடாதே. அந்தக் குடை மட்டும் இல்லையென்றால் அவரை நான் பிடித்திருக்க மாட்டேன்.

"எனக்குத் தெரியும்!" என்று மூச்சிரைக்கக் கத்தினேன். "உங்க பையனை எனக்குத் தெரியும்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடையைப் பிரித்து என் கையில் கொடுத்து, "நனையறீங்களேம்மா," என்றார். பிறகு தலை குனிந்தார். "அந்தக் குச்சியைப் பார்த்துட்டீங்க போல. மன்னிச்சிடுங்க. கடையில அபசகுனமா செஞ்சுட்டேன். ஒரு வாய் வெச்சுட்டுப் போகணும்னு தோணிடுச்சு."

"அவர்... எப்ப?"

"ஏப்ரல் கடைசியில. ரூம்ல தனியா. நெஞ்சு நின்னுபோச்சாம். ஒன்பது நாள் கழிச்சுத்தான் கதவைத் திறந்திருக்காங்க." பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "என்னைத் தேடிப் பிடிக்க அவங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. அதுக்குள்ள ரூமைச் சுத்தம் பண்ற கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு கவர்தான் குடுத்தாங்க. அதுல இந்த அட்டை. அஸ்தியை இன்னைக்குக் காலையிலதான் வார்டு ஆபீஸ்ல வாங்கினேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"அந்தப் பையனுக்குப் பிறந்தநாள் நடந்துக்கிட்டிருந்துச்சே. அங்க போய்ச் சாவுச் சேதி சொல்லலாமா?"

குடையை அவர் தலைக்கு மேல் பிடிப்பதா என் தலைக்கு மேல் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். "அவர் ஒண்ணுவிட்டு ஒரு வியாழக்கிழமை வருவார்," என்றேன். "ஜன்னலோரம் உக்காருவார். ஒரு மணி நேரத்துக்கு மேல சாப்பிடுவார். பட்டாணியை வரிசையா அடுக்குவார். சிரிச்சா இருமல் வரும்."

அவர் புன்னகைத்தார். என்னைத் தேற்றுகிற புன்னகை. "தேதி அட்டையிலேயே இருக்கும்மா. மீதியெல்லாம் நான் சொன்னது. உங்க மனசு ரொம்ப நல்ல மனசு. இந்தக் கிழவனுக்காக மழையில ஓடி வந்தீங்க, அது போதும்."

"பொய் இல்லை ஐயா! நத்தைன்னு நான்தான் பேர் வெச்சேன்!"

"ஆமாம்மா. அட்டையில நத்தை இருக்கு."

அவர் நம்பவில்லை. வேலையில் எல்லோரையும் சந்தோஷப்படுத்தியே பழகிய பெண், எனக்கும் ஒரு சந்தோஷத்தைக் கொடுத்து அனுப்பப் பார்க்கிறது என்று நினைத்துவிட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். முழங்காலைச் சொன்னேன், குட்டி நத்தையைச் சொன்னேன், எல்லாவற்றுக்கும், "ஆமாம்மா, ஆமாம்மா," என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த குனிஹிரோ அதில் எங்கேயும் இல்லை. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் அவர் நெஞ்சில் நானே கத்தியை இறக்கியது போலாகும். சொல்லாவிட்டால், தன் பிள்ளையை இந்த ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஸகாட்டாவரை போவார்.

"அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்," என்றேன். "வீட்டுலேருந்து யாராவது வந்து கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்கன்னு."

அவர் தலையாட்டுவது நின்றது.

"அதனாலதான் அப்படிச் சொன்னேன் ஐயா. வேணும்னு சொல்லலை."

"ஏன்னு சொன்னானா?"

"கம்பெனி வேலை போயிடுச்சு. குடோன்ல பெட்டி கட்டுற வேலை பார்த்துக்கிட்டிருந்தார். என் பையன் இன்ஜினியர்னு அப்பா இன்னும் ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கார், உண்மை தெரிஞ்சா அவரால வெளியில தலை காட்ட முடியாது. அவர் வந்து கேட்டு, நீங்க ஏதாவது பேசி, பேச்சுவாக்கில வந்துடக் கூடாதுன்னு சொன்னார்."

கூட்டம் எங்கள் இருபுறமும் போய்க்கொண்டிருந்தது. அவர் கீழே எதையோ தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டின் மேல்பையிலிருந்து, கழற்றிச் சுருட்டி வைத்த, சாவுக்குக் கட்டுகிற கறுப்பு டையின் நுனி வெளியே தெரிந்தது.

"நாலு வருஷம் முன்னாடி," என்றார். "மார்ச் மாசம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வருஷக் கடைசியில அவனோட மேலதிகாரிக்கு ஊர்லேருந்து ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்புவேன். பிள்ளைக்கு வேலை குடுத்தவங்களுக்கு மரியாதை பண்ணணும் இல்லையா? அந்த வருஷம் பெட்டி திரும்பி வந்துடுச்சு. மரியாதையா ஒரு கடுதாசி வெச்சிருந்தாங்க. உங்க மகன் மார்ச் மாசமே இங்கேருந்து போயிட்டாருன்னு." பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். "அவனா சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேட்டா கூசிப்போவான். புதுவருஷத்துக்குப் புதுவருஷம் போன்ல, வேலை எப்படிடான்னு கேப்பேன். நல்லாப் போகுதுப்பாம்பான். ரொம்ப நல்லதுடாம்பேன். நாலு வருஷமா ரெண்டு பேரும் இதையே பேசிக்கிட்டிருந்தோம்."

நான் விம்மி விம்மி அழுதேன். மை கரைந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் பெருமையடிச்சதில்லைம்மா," என்றார். "அதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்." கைக்குட்டையை எடுத்தவர், தன் கண்ணைத் துடைக்காமல் என்னிடம் நீட்டினார். "அவன்தான். அப்பாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கறவன் அவன்தான். உங்களுக்கு அவனைத் தெரியும்."

நம்பிவிட்டார். பேரிக்காய்ப் பெட்டி திரும்பி வந்ததைச் சொல்ல நாலு வருஷமாக அவருக்கும் ஒரு ஆள் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

"கடைசியா வந்தன்னைக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதுதான். போயிட்டு வாங்கன்னு."

"போயிட்டு வரேன்னானா?"

பொய் சொல்லியிருக்கலாம். மதியத்திலிருந்து சொன்னது போதும் என்றிருந்தது. "இல்லை ஐயா. அவர் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்."

"வீட்டுலயும் அப்படித்தான்," என்று அவர் சிரித்தார். "வாசல்ல நின்னு நான் கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

நீகாட்டாவில் ரயில் மாற வேண்டும், நேரமாகிறது என்றார். குடையைத் திருப்பிக் கொடுத்தேன். இடுப்பு வளைய ஒருமுறை வணங்கிவிட்டு, டிக்கெட்டைப் போட்டுத் தடுப்புக்கு அப்பால் போனார். இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடையில் கத்துவதைவிடப் பலமாகக் கத்தினேன். "போயிட்டு வாங்க, நத்தை எஜமான்!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவர் நின்றார். எனக்கு நேராகத் திரும்பி, பையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார். குனிந்து அதனிடம் பேசினார். அவ்வளவு இரைச்சலிலும் அது எனக்குக் கேட்டது.

"சொல்லுடா. அவங்க கூப்பிட்டுச் சொல்றாங்கல்ல, பதில் சொல்லுடா."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.